லாரி ரசீதின் முதுகில் முந்நூறு வருஷம்

2009 ஜூன் மாசம் புனேயிலிருந்து மதுரைக்கு வீடு மாத்தினோம். நாலு நாளில் வந்துரும்னு சொன்ன லாரி, பன்னிரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தெருமுனையில் வந்து நின்னுச்சு. தார்ப்பாயை விலக்கினதுமே ஈர வாசம். மெத்தை ரெண்டும் ஊறிப்போய் இருந்தது. டிவி திரையில் குறுக்கே ஒரு விரிசல். பாட்டி காலத்துப் பீங்கான் ஊறுகாய் ஜாடி மூணில் ரெண்டு சில்லு சில்லா நொறுங்கி, சுத்தியிருந்த மராத்திப் பேப்பருக்குள்ளேயே கலகலன்னு சத்தம் போட்டுச்சு. லோடுமேன் ஒருத்தர் பெட்டியைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்துட்டு, "உள்ளே உடைஞ்ச சாமானா இருக்கும் போல சார்"னு பரிதாபமாச் சொன்னார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பேசின ஆள் கோபப்படக்கூட இல்லை. இந்த மாதிரி போன் தினம் நாலு வரும் போல. "எல்.ஆர். காப்பியைத் திருப்பிப் பாருங்க சார்" என்றார். திருப்பினேன். எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷில் பதினாலு நிபந்தனைகள். முதல் வரியிலேயே, சரக்கு உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் ஏற்றிச் செல்லப்படுகிறது என்று இருந்தது. அடியில் என் கையெழுத்து, தேதியோடு. மூட்டை கட்டுற அவசரத்தில் எங்கே காட்டினாங்களோ அங்கே போட்டது. "மழை வேற சார், அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்று ஒரு கொசுறும் கிடைத்தது.

விட்டுட்டேன். எல்லாரும் விடுற மாதிரிதான். ஒன்றரை வருஷம் கழிச்சு வேற எதுக்கோ பழைய சட்டப் புத்தகம் ஒண்ணைப் புரட்டினப்போ, அந்த முதல் வரி எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சது. அதை நம்பி நான் வாயை மூடிட்டு இருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னும் தெரிஞ்சது. அந்த ஆத்திரத்தில் படிச்சதுதான் இனி வரப்போற கதை. நான் வக்கீல் இல்லை, நல்லாப் படிச்ச ஒரு ஏமாந்த ஆள், அவ்வளவுதான்.

கதை லண்டனில் ஆரம்பிக்குது. ஏன்னா நம்ம லாரிச் சட்டத்தோட கொள்ளுத் தாத்தா அங்கேதான் இருக்கார். 1703-ல் காக்ஸ் எதிர் பெர்னார்ட் என்று ஒரு வழக்கு. காக்ஸுக்குச் சொந்தமான பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து எடுத்து, அதே லண்டனில் இன்னொரு நிலவறையில் சேர்க்கிறேன்னு பெர்னார்ட் ஏத்துக்கிட்டார். கூலி கிடையாது, சும்மா ஒத்தாசை. இறக்கும்போது கவனக்குறைவில் பீப்பாய் உடைஞ்சு பிராந்தி தரையில் ஓடிருச்சு. காக்ஸ் வழக்குப் போட்டார். 'காசு வாங்காம உதவி பண்ணினவன் மேல வழக்கா?' என்பது பெர்னார்ட் பக்க வாதம். கூலி வாங்காட்டியும், ஏத்துக்கிட்ட வேலையை ஒழுங்காச் செய்யணும்னு தீர்ப்பாகி, காக்ஸ் ஜெயிச்சார்.

ஆனா அந்த வழக்கு இன்னிக்கும் பேசப்படுறது பிராந்திக்காக இல்லை. தலைமை நீதிபதி ஹோல்ட் போற போக்கில், அடுத்தவன் பொருளை வாங்கி வெச்சிருக்கிறவனுக்கு எந்தெந்த நிலையில் எவ்வளவு பொறுப்புன்னு ஒரு பெரிய வகுப்பே எடுத்துட்டார். ஊர்ல யார் கேட்டாலும் கூலிக்குச் சுமந்துட்டுப் போறவனை, அதாவது 'காமன் கேரியர்' என்கிறவனை, அதில் தனியாப் பிரிச்சு வெச்சார். அவன்கிட்ட கொடுத்த சரக்குக்கு என்ன ஆனாலும் அவன்தான் பொறுப்பு. தெய்வச் செயல், ராஜாவோட எதிரிப்படை, இந்த ரெண்டுக்கு மட்டும்தான் விலக்கு. வழிப்பறிக் கொள்ளையன் எதிரிப்படைக் கணக்கில் வர மாட்டான்.

ஏன் இவ்வளவு கடுமை? ஹோல்ட் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சரக்கு கிளம்பினப்புறம் சொந்தக்காரன் கூடப் போறதில்லை. வழியில் வண்டிக்காரனும் திருடனும் கூட்டுச் சேர்ந்து பாதியைப் பங்கு போட்டுக்கிட்டு, 'கொள்ளை போயிருச்சுங்க'ன்னு வந்து அழுதா, அவன் பொய் சொல்றான்னு சொந்தக்காரனால எப்படி நிரூபிக்க முடியும்? அதனால நிரூபிக்கிற வேலையே அவனுக்கு வேண்டாம். போனா வண்டிக்காரன் கொடுக்கட்டும். என் மெத்தை கோலாப்பூர்கிட்ட நனைஞ்சுதா, சேலம்கிட்ட நனைஞ்சுதா, எனக்கு எப்படித் தெரியும்? முந்நூறு வருஷத்துக்கு முந்தியே ஒரு ஆள் என் பக்கம் யோசிச்சிருக்கார்!

வண்டிக்காரங்க சும்மா இருப்பாங்களா? இவ்வளவு பாரத்தையும் தலையில் கட்டினா தாங்காதுன்னு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் அறிவிப்புப் பலகை. 'பணம், நகைக்கு நாங்கள் பொறுப்பில்லை, முன்கூட்டியே சொல்லி அதற்குரிய கட்டணம் கட்டினால் ஒழிய' என்று அச்சடிச்சு ஊர் முழுக்கப் பரப்பினாங்க. 1769-ல் இது நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருத்தர் பர்மிங்காம் கோச்சு வண்டியில் 100 பவுண்டு அனுப்பினார். எப்படி? பழைய ஆணி மூட்டை ஒண்ணுக்குள்ள வைக்கோலைத் திணிச்சு, அதுக்கு நடுவில் பணத்தை ஒளிச்சு வெச்சு. திருடனை ஏமாத்தறதா நினைப்பு, கூடுதல் கட்டணமும் மிச்சம். திருடன் ஏமாறலை. மூட்டை வந்துச்சு, பணம் வரலை. நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் வண்டிக்காரன் பக்கம் நின்னார். கூலி என்பது அபாயத்துக்குத் தகுந்த மாதிரி வாங்குறது, இருக்கிறதை மறைச்சா அவன் எப்படி அதுக்குத் தகுந்த காவல் போடுவான் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். மாத்தல் ஆகிறப்போ அரிசி டின்னுக்குள்ள நகையை வெச்சு லாரியில் ஏத்துற வழக்கம் நம்ம வீடுகளில் உண்டே, அந்தத் தாய்மார்கள் இதைப் படிக்கணும்.

அப்புறம் அறிவிப்புகள் பெருகிப் போச்சு. பலகை வெச்சிருந்தேன்னு வண்டிக்காரனும், நான் பாக்கவே இல்லைன்னு வாடிக்கையாளரும், ஒவ்வொரு வழக்கும் இதே சண்டை. ஒரு முடிவு கட்டத்தான் 1830-ல் இங்கிலாந்து சட்டம் போட்டது: வெறும் பலகையை மாட்டிப் பொறுப்பைக் கழட்டிக்க முடியாது, ஆனா குறிப்பிட்ட சில விலையுயர்ந்த பொருள்கள் 10 பவுண்டுக்கு மேல இருந்தா, அனுப்புறவன் முன்னாலேயே சொல்லணும்.

நம்ம ஊருக்கு இது வந்தது 1865-ல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் ரயில் 1856-ல் ஓடியாச்சு. ஆனா பெரும்பாலான சரக்கு மாட்டு வண்டியிலும் படகிலும் போய்க்கிட்டிருந்த காலம். 1865-ம் வருஷத்து 3-வது சட்டம், கேரியர்ஸ் ஆக்ட். பத்தே பத்துப் பிரிவு, ஒரு பட்டியல். 10 பவுண்டு இங்கே 100 ரூபாய் ஆச்சு.

அந்தப் பட்டியலைப் படிக்கிறதே ஒரு சுகம். தங்கம், வெள்ளி, முத்து, கடிகாரம், உண்டியல் (கோயில் உண்டியல் இல்லை, வியாபாரிகள் எழுதுற ஹுண்டி), வரைபடம், சொத்துப் பத்திரம், கண்ணாடி, பீங்கான், பட்டு, ஜரிகைத் துணி, தந்தம், கருங்காலி, சந்தனமரச் சாமான். பின்னால் போகப் போக அபின், பவளம், கஸ்தூரி, பறவை இறகு, இசைக்கருவி, சினிமாப் பிலிம் எல்லாம் சேர்ந்தது. கோரோசனை கூட இருக்கு! குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற அதே கோரோசனைதான். இதில் எதுவும் 100 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தா, கொடுக்கும்போதே இன்னது, இவ்வளவு மதிப்புன்னு அறிவிக்கணும். அறிவிச்சா, வண்டிக்காரன் கூடுதல் கட்டணம் கேட்கலாம்.

அந்தக் கூடுதல் கட்டணத்துக்கு ஒரு நிபந்தனை வெச்சிருந்தாங்க பாருங்க, அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கட்டண விவரத்தைச் சரக்கு வாங்குற இடத்தில் எழுதி மாட்டணும், இங்கிலீஷிலும், அந்த ஊர் மொழியிலும். அதாவது, 1865-ல் மதராஸில் ஒரு வண்டிக் கம்பெனிக்காரன் கூடுதலா ஒரு அணா கேட்கணும்னா, தமிழில் பலகை இருக்கணும். சட்டம் போட்டவங்க வெள்ளைக்காரங்க. 2009-ல் எனக்குக் கிடைச்ச எல்.ஆர். ரசீதில் தமிழும் இல்லை, மராத்தியும் இல்லை, ஹிந்தியும் இல்லை.

ஆனா அதே சட்டத்தில் இன்னொரு ஓட்டையையும் விட்டு வெச்சிருந்தாங்க. பட்டியலில் இல்லாத சாதாரணப் பொருளுக்கு வெறும் பலகை மாட்டிப் பொறுப்பைக் குறைச்சுக்க முடியாது. ஆனா உரிமையாளர் கையெழுத்துப் போட்ட தனி ஒப்பந்தம் இருந்தா குறைச்சுக்கலாம். அதுதான் 6-வது பிரிவு. மூட்டை கட்டுற கூட்டத்தில் சூப்பர்வைசர் பேனாவை நீட்டி 'இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு சார்'னு வாங்குற கையெழுத்து இருக்கே, அதோட வயசு 1865-லிருந்து.

கொஞ்ச நாளில் வேறொரு குழப்பம் வந்தது. 1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்துச்சு. அடுத்தவன் பொருளை வெச்சிருக்கிறவன், தன் பொருளை ஒரு சராசரி மனுஷன் எப்படிக் கவனிப்பானோ அப்படிக் கவனிச்சாப் போதும்னு அது சொல்லுது. உடனே கேரியர் கம்பெனிகள் எல்லாம், இனி எங்களுக்கும் அவ்வளவுதான் பொறுப்புன்னு கிளம்பிட்டாங்க. 1878-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆமாம் என்றது. 1883-ல் கல்கத்தா இல்லை என்றது. பர்மாவில் ஐராவதி ஆத்தில் நீராவிக் கப்பல் விட்டுக்கிட்டிருந்த ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி மேல பகவான்தாஸ் என்பவர் போட்ட வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1891-ல் தீர்ந்தது. ஹோல்ட் சொன்னதுதான் இன்னும் செல்லும், ஒப்பந்தச் சட்டம் இவங்களைத் தொடாது. காமன் கேரியர் என்பவன் சரக்குக்கு இன்ஷூரன்ஸ்காரன் மாதிரி.

ரயில்வே மட்டும் தனியாத் தப்பிச்சுக்கிச்சு. 1890 ரயில்வே சட்டத்தில் தன் பொறுப்பு ஒப்பந்தச் சட்ட அளவுக்குத்தான்னு எழுதி வாங்கிருச்சு. 1962 ஜனவரியிலிருந்துதான் அதுவும் காமன் கேரியர் கணக்கில் வந்தது. அப்புறமும் ரெண்டு கட்டணம் இருந்தது, ரயில்வே பொறுப்பில் போனா ஒண்ணு, 'ஓனர்ஸ் ரிஸ்க்' போட்டா அதை விடக் கம்மி. அரசு வேலையில் இருந்து மாத்தலாகி மாத்தலாகி ஊர் சுத்தின குடும்பங்களில், பீரோ கதவு நெளிஞ்சிருக்கிற கோணத்தை வெச்சே எந்தக் கட்டணத்தில் வந்ததுன்னு சொல்லிரலாம்.

சரி, சுதந்திரம் வந்துச்சு, மாட்டு வண்டி போய் லாரி வந்துச்சு, லாரி ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் போர்டும் வந்துச்சு. சட்டம் மட்டும் அதேதான். 100 ரூபாயும் அதேதான்! 2000-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ரெண்டு வழக்கு வந்தது. ரெண்டிலுமே கேரியர் கோடவுனில் தீப்பிடிச்சு சரக்கு எரிஞ்சு போச்சு. ஒண்ணில், சரக்குப் போச்சுன்னு சொன்னாப் போதும், கேரியரின் அஜாக்கிரதையைச் சொந்தக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை, அது நுகர்வோர் மன்றத்துக்கும் பொருந்தும்னு சொன்னாங்க. இன்னொண்ணுதான் என் வயித்தெரிச்சல். அந்த ரசீதிலும் 'ஓனர்ஸ் ரிஸ்க்' இருந்தது. அது இருந்தாலும் அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்குக் கேரியர் பொறுப்புதான்னு தீர்ப்பு. எனக்கு 2009-ல் காட்டின வரி, ஒன்பது வருஷம் முன்னாலேயே பல்லைப் பிடுங்கின பாம்பு.

இப்போ என் கணக்கைப் பாருங்க. டிவியும் மெத்தையும் பட்டியலில் இல்லாத பொருள். அஜாக்கிரதை இல்லைன்னு அவங்கதான் நிரூபிச்சிருக்கணும். மழை தெய்வச் செயல்தானேன்னா, ஜூன் மாசம் மேற்குத் தொடர்ச்சி மலையோரம் மழை பெய்யறது யாருக்கும் தெரியாத ரகசியமா? முன்கூட்டி எதிர்பார்க்க முடியாததுதான் சட்டத்தில் தெய்வச் செயல். கிழிஞ்ச தார்ப்பாய்க்குத் தெய்வத்தை இழுக்கக் கூடாது. ஆக, ரெண்டுக்கும் காசு வாங்கியிருக்கலாம்.

ஆனா நான் உண்மையில் அழுதது ஜாடிக்கு. அதுக்கு ஒரு பைசா தேறாது. பீங்கான், 100 ரூபாய்க்கு மேல், அறிவிக்கலை. பட்டியலில் இருக்கிற பொருளை அறிவிக்காம விட்டா, கேரியரோ அவன் ஆளோ திருடினாலொழியக் கேட்க முடியாது. அதே லாரியில் ஒரு சூட்கேஸில் கல்யாணப் பட்டுப் புடவை ஏழெட்டு வந்தது, அதுவும் இதே கதிதான் ஆகியிருக்கும். நல்லவேளையா அது நனையலை. "நனைஞ்சிருந்தா நீங்க இப்படி உக்காந்து சட்டம் படிச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி. உண்மை.

சரி, டிவிக்காவது? அதுவும் போச்சு. நஷ்டம் தெரிஞ்ச ஆறு மாசத்துக்குள்ள எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுக்கணும்னு அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு. நான் படிச்சது பதினெட்டாவது மாசம். டெலிபோனில் கத்தினதெல்லாம் நோட்டீஸ் கணக்கில் வராது.

நான் படிச்சு முடிச்ச கையோட சட்டமே மாறிப் போனது தனிக் கூத்து. 2007-ல் நாடாளுமன்றம் கேரேஜ் பை ரோடு ஆக்ட் என்று புதுச் சட்டம் போட்டது. அமலுக்கு வந்தது 2011 மார்ச் 1-ம் தேதி. 1865-ம் வருஷத்துச் சட்டம், கோரோசனை, 100 ரூபாய் எல்லாம் சேர்ந்து விடைபெற்றன. காமன் கேரியர் தொழில் பண்ண இனிமே பதிவு வேணும். அனுப்புறவர் சரக்கு விவரமும் மதிப்பும் எழுதி ஒரு படிவம் கொடுக்கணும், கேரியர் அதுக்கு ரசீது தரணும். அஜாக்கிரதையை நாம நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அப்படியே இருக்கு. விலக்குப் பட்டியல் மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கு: தெய்வச் செயல், போரோடு, கலவரமும் அரசாங்க உத்தரவும் சேர்ந்தாச்சு.

பெரிய மாற்றம் வேற இடத்தில். பொறுப்புக்கு ஒரு கூரை போட்டுட்டாங்க. நாம கூடுதல் மதிப்பை அறிவிச்சு, அதுக்கான அதிகப்படிக் கட்டணத்துக்கு ஒத்துக்காத வரைக்கும், லாரி வாடகையைப் போல பத்து மடங்குதான் உச்சம். 20,000 ரூபாய் வாடகைன்னா 2 லட்சம். அறிவிச்ச மதிப்பு அதுக்கும் கம்மின்னா, அந்தக் கம்மிதான். இதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மான்ஸ்ஃபீல்டின் ஆணி மூட்டை நியாயம்தான் இது. எனக்கு உறுத்துறது நோட்டீஸ் விஷயம். பழசில் நஷ்டம் தெரிஞ்ச நாளிலிருந்து ஆறு மாசம். புதுசில் சரக்கைப் பதிவு பண்ணின நாளிலிருந்தே 180 நாள். வெளிநாடு போறவர் சாமானை மூட்டையோட சொந்தக்காரர் வீட்டு மாடியில் போட்டுட்டு, ஏழு மாசம் கழிச்சு வந்து பிரிச்சா, உடைஞ்சது தெரியுற அன்னிக்கே கெடுவும் முடிஞ்சிருக்கும்.

2016-ல் மறுபடி மாத்தல், மதுரையிலிருந்து ஹைதராபாத். படிவத்தில் மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் சூப்பர்வைசர் தம்பி, "50,000 போடுங்க சார், எல்லாரும் அப்படித்தான். இதுக்கு மூணு பர்சன்ட் கட்டணும், சும்மா எதுக்கு?" என்றான். அக்கறையாத்தான் சொன்னான். 3 லட்சம்னு எழுதினேன். 9,000 ரூபாய் கூட ஆச்சு, மனைவி முறைச்சாள். இது நிஜமா இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசியா, இல்லை நீங்களே வாங்கிப் பையில் போட்டுக்கிற கட்டணமான்னு கேட்டு, எதுவா இருந்தாலும் ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். பதிவு எண்ணும் கேட்டேன். அரை மணி நேரம் போனில் யார் யாரிடமோ பேசி வாங்கி எழுதினான். பின்பக்கத்தை நின்னு படிச்சேன். பதினேழு நிபந்தனை. முதல் வரி அதேதான்.

லாரி ஆறாம் நாள் வந்தது. ஒரு நாற்காலிக் கால் முறிஞ்சிருந்தது. போட்டோ எடுத்து, டெலிவரி காப்பியில் 'நாற்காலி சேதம்'னு எழுதிட்டு அப்புறமாக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே பதிவுத் தபாலில் ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோட. நாற்பத்தேழாம் நாள் 1,200 ரூபாய்க்குச் செக் வந்தது.

மிச்சமிருந்த ஒத்தை ஜாடி அந்த லாரியில் ஏறவே இல்லை. துண்டில் சுத்தி, ரயிலில் மனைவி மடியில் வந்தது. ராத்திரி முழுக்க அவளும் தூங்கலை, என்னையும் தூங்க விடலை.